முக்கால் சென்ட் எங்கே போனது?

மே 27. கேள்வி, குமரி மாவட்டம் அருமனைப் பக்கத்து வாசகர் ஒருவரிடமிருந்து

"பிரமாணத்தில் (கிரயப் பத்திரத்தில்) 12 சென்ட். பட்டாவில் 0-04.50. போன வாரம் தனியார் சர்வேயரை வைத்து டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியில் அளந்தேன். 11.25 தான் வருகிறது. வடக்கு விளைக்காரர், அதாவது அடுத்த தோட்டத்துக்காரர், நான்கு வருடம் முன்பு பழைய கையாலைச் சுவரை இடித்துவிட்டு ஹாலோ பிளாக் சுவர் கட்டினார். முக்கால் சென்ட்டை எடுத்தது அவர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் வாங்கியது அந்தச் சுவர் வருவதற்கு முன்பு. அப்போது புரோக்கர் டேப் பிடித்து அளந்து காட்டினார், 12 சரியாக வந்தது. போலீஸில் கொடுக்கலாமா, நேரே சிவில் கோர்ட்டா?"

மே 27, இரவு

போலீஸுக்குப் போகாதீர்கள். உட்கார வைத்து இரண்டு பேரையும் சத்தம் போட்டுவிட்டு, "இது சிவில் மேட்டர், தாலுகா ஆபீஸில் பார்" என்று அனுப்புவார்கள். அதற்குள் பக்கத்து வீட்டோடு பேச்சு முறிந்திருக்கும். கோர்ட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் கையில் மூன்று எண்கள் இருக்கின்றன. மூன்றும் வேறு வேறு ஆள், வேறு வேறு காலத்தில் போட்டது. பிரமாணம் எழுதியவர் உங்கள் விளையைப் பார்த்திருக்கவே மாட்டார். மார்த்தாண்டம் பக்கம் பத்திர எழுத்தில் வெகுகாலம் இருந்தவன் நான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். முன் பிரமாணத்தில் 12 என்றிருந்தால் நாங்களும் 12 என்றே எழுதுவோம். அதற்கு முந்தினதிலும் 12 என்றே இருக்கும். அந்த 12 முதலில் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

பட்டாவில் இருப்பது சர்வேக்காரர்களின் கணக்கு. தரையில் இருப்பது சுவர். இதில் எந்தக் கோட்டுக்காகச் சண்டை போடப் போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

மே 28

காலையில் பட்டா எண்ணைத் திரும்பப் பார்த்தேன். 0-04.50 என்றால் நாலரை ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். அப்படியானால் நாலரை ஏர் 11.12 சென்ட்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கிராமத்துப் பழைய பட்டாக்களை நாலைந்து எடுத்து வைத்துப் பாருங்கள். கடைசி இலக்கம் பெரும்பாலும் .00 ஆக இருக்கும், இல்லை .50 ஆக இருக்கும். விஸ்தீரணத்தை அரை ஏருக்கு முழுமைப்படுத்தி எழுதிய வழக்கம் அது. அப்படிப் பார்த்தால் உங்கள் நிலம் சர்வேக்காரர் கணக்கில் நாலே கால் ஏருக்கும் நாலே முக்கால் ஏருக்கும் நடுவில் எங்கோ இருந்திருக்கிறது. சென்ட்டில் சொன்னால் 10.50 முதல் 11.74 வரை.

12 சென்ட் என்பது 4.86 ஏர். அது இருந்திருந்தால் 05.00 என்று எழுதியிருப்பார்கள். ஆக, பக்கத்து விளைக்காரர் ஒரு ஹாலோ பிளாக் வாங்குவதற்கு முன்பே, சர்வே கணக்கில் உங்களுக்கு 12 சென்ட் இருந்ததில்லை. இப்போது அளந்த 11.25 அந்த இடைவெளிக்குள் ஒழுங்காக உட்காருகிறது.

அவர் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. முக்கால் சென்ட் என்பது 327 சதுர அடி. அவ்வளவையும் அவர் தலையில் வைக்க இந்தக் காகிதங்கள் உதவாது.

மே 28, மாலை

"பட்டா என் பெயரில் இருந்தால் நிலம் எனக்குத்தானே, பிரமாணம் எதற்கு" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. யாரிடம் வரி வாங்குவது, யார் அனுபவத்தில் இருக்கிறது என்பதற்கு அது உதவும். உரிமை என்று வரும்போது கோர்ட் பிரமாணத்தைத்தான் கேட்கும். பட்டா மட்டும் வைத்துக்கொண்டு உரிமை கொண்டாட முடியாது என்று கோர்ட்டுகள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டன.

மே 30

புரோக்கர் டேப் பிடித்த கதைக்கு வருகிறேன். நாலு பக்கத்தையும் அளந்திருப்பார். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்கி, 435.6 ஆல் வகுத்திருப்பார். நம்மூரில் எல்லாப் புரோக்கரும் இப்படித்தான். செவ்வகமாக இருந்தால் கணக்கு சரி. மூலைகள் நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்ந்த நிலமானால் இந்தக் கணக்கு எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். ஒருபோதும் குறைத்துக் காட்டாது. விற்பவருக்கும் புரோக்கருக்கும் இதைவிட வசதியான கணக்கு உண்டா?

தீப்பெட்டியின் உறையை எடுத்து ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்துங்கள். நாலு பக்கமும் அதே நீளம்தான், உள்ளே இடம் மட்டும் குறையும். மூலைவிட்டம் பிடிக்காமல் சொல்லும் சென்ட் கணக்கை நம்பவே கூடாது.

ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். நாலு பக்கத்தோடு வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்கும் டேப் பிடித்து எழுதுங்கள். புரோக்கர் அன்றைக்கு அளந்த அளவு எங்காவது குறித்து வைத்திருக்கிறீர்களா? வேலியோரம் நிற்கும் மரச்சீனியை (மரவள்ளியை) சாய்த்துவிடாமல் பிடியுங்கள்.

இன்னொன்று. நிலம் சரிவா? சர்வேயில் எப்போதும் கிடைமட்ட தூரம்தான் கணக்கு. கயிற்றைச் சரிவோடு தரையில் போட்டு அளந்தால் கூடுதலாக வரும். 100 அடிச் சரிவில் 30 அடி ஏற்றம் இருந்தால் கிடைமட்டத்தில் 95 அடிதான். நம் பக்கத்து மலையோர விளைகளில் பழைய பாகப் பிரிவினைகளில் பலதும் கயிறு போட்டு அளந்தவை. 12 சென்ட் என்று எழுதியது அதிலேயே பதினொன்றரைக்கு இறங்கிவிடும்.

ஜூன் 1

கேள்வி கேட்ட அருமனை நண்பர் அளந்து அனுப்பிவிட்டார். புரோக்கர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டும் வீட்டில் இருந்திருக்கிறது, நல்ல காலம்.

அன்றைக்குப் புரோக்கர் சீட்டில்: வடக்கும் தெற்கும் 72.6 அடி, கிழக்கும் மேற்கும் 72 அடி. பெருக்கினால் 5,227 சதுர அடி. 12 சென்ட், பைசா சுத்தம்.

இன்றைக்கு: வடக்கு, தெற்கு, மேற்கு மூன்றும் அதே அளவு. கிழக்கு 71. வடமேற்கிலிருந்து தென்கிழக்கு மூலைவிட்டம் 84.

நாலு மூலையும் நேர்மூலையாக இருந்தால் அந்த மூலைவிட்டம் 102 அடிக்கு மேல் இருக்க வேண்டும். 84 என்றால் நிலம் நன்றாகவே சாய்ந்திருக்கிறது. இரண்டு முக்கோணமாகப் பிரித்துக் கணக்குப் போட்டேன், 11.29 சென்ட் வந்தது. டோட்டல் ஸ்டேஷன் 11.25 சொன்னது. டேப் தொங்கலுக்கும் சரிவுக்கும் அந்த வித்தியாசம் போதும்.

ஆக, முக்கால் சென்ட்டில் பெரும்பகுதி எப்போதுமே இருந்ததில்லை. புரோக்கரின் பெருக்கலில் பிறந்து அங்கேயே செத்தது.

ஆனால் கிழக்குப் பக்கம் 72 இருந்தது 71 ஆகியிருக்கிறதே, அந்த ஓரடியை விடாதீர்கள். வடகிழக்கு மூலையில்தான் ஏதோ நடந்திருக்கிறது. புரோக்கர் டேப்பை இழுத்துப் பிடிக்காததாகவும் இருக்கலாம். சுவர் உள்ளே வந்ததாகவும் இருக்கலாம். அந்த மூலையில் சர்வே கல் இருக்கிறதா?

ஜூன் 1, இரவு

"அப்போ புரோக்கர் மேல கேஸ் போடலாமா?" என்று கேட்டவருக்கு: போடலாம், முதலில் அவர் செல்போனை எடுக்கட்டும்.

ஜூன் 3

முன் பிரமாணங்கள் மலையாளத்தில் இருப்பதால் படிக்க முடியவில்லை என்கிறார் நண்பர். இதில் ஆச்சரியமில்லை. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர், கடைசி ஏழு வருடம் திருவிதாங்கூர்-கொச்சி. அதற்கு முந்தைய பிரமாணங்கள் மலையாள எழுத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். 1100 சிங்ஙம் என்று கண்டால் அது 1924 ஆகஸ்ட். சிங்ஙம் முதல் டிசம்பர் வரைக்கும் 824 கூட்டுங்கள், ஜனவரிக்கு மேல் 825. பழைய கையெழுத்துப் படிக்கத் தெரிந்த வயதானவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே வாசித்துத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதில் சென்ட் எண்ணைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது நாலெல்லை. கிழக்கே இன்னாருடைய விளை, வடக்கே இன்னாருடைய கையாலை, தெற்கே ஓடை, மேற்கே நடைவழி. இப்படி எழுதியிருந்தால் விஸ்தீரணமும் எல்லையும் முரண்படும் இடத்தில் கோர்ட் பொதுவாக எல்லையைத்தான் பிடித்துக்கொள்ளும். "12 சென்ட் என்று எழுதியிருக்கிறதே" என்ற வாதம் அங்கே தேய்ந்துபோகும். அந்த எல்லைக்குள் இருப்பது எவ்வளவோ அவ்வளவுதான் உங்களுடையது. கூடினாலும் அப்படித்தான், குறைந்தாலும் அப்படித்தான்.

பழைய சர்வே எண், பிறகு மறு அளவையில் கொடுத்த ரீசர்வே எண் இரண்டும் பிரமாணத்தில் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பழையதை மட்டும் எழுதிவிட்டு ரீசர்வே எண்ணைத் தப்பாகப் போட்ட பத்திரங்கள் எத்தனையோ என் கையில் வந்ததுண்டு. பக்கத்து வீட்டுக்காரனும் ஆதாயம் அடையாமல், வாங்கியவனும் ஆதாயம் அடையாமல் வெறும் அலைச்சல் அது. ஒரு பிழைதிருத்தல் பத்திரத்தில் முடிய வேண்டியதை, விற்றவர் வெளிநாட்டில் இருக்கிறார், இறந்துவிட்டார் என்று இழுத்துக்கொண்டே போகும்.

ஜூன் 4

எஃப்எம்பி பற்றிக் கேட்டிருந்தார்கள். புல வரைபடம். இணையத்திலேயே கிடைக்கும். பழைய நகல்களில் அளவு லிங்க்கில் இருக்கும், புதியதில் மீட்டரில். 66 அடிச் சங்கிலிக்கு 100 லிங்க், ஒரு லிங்க் 7.92 அங்குலம். வரைபடத்தில் 110 என்று பார்த்துவிட்டு 110 அடி என்று குதிப்பவர்கள் உண்டு. 110 லிங்க் என்றால் 72.6 அடி. நண்பரின் வடக்கு அளவு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? யாரோ ஒரு காலத்தில் சங்கிலி பிடித்துத்தான் அளந்திருக்கிறார்கள்.

ஒரு சதுரச் சங்கிலி சரியாகப் பத்து சென்ட். வெள்ளைக்காரன் கணக்கில் இந்த ஒன்றை மட்டும் நான் ரசிப்பேன்.

ஜூன் 6

கல் தேடும் வேலையைப் பற்றி நீளமாக எழுத வேண்டும்.

மேல்புறம் பக்கம் உறவினர் விளையில் ஒரு அளவைக்குப் போயிருந்தேன். மழை விட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது. ரப்பர் தோட்டம், இலைச்சருகு கணுக்கால் வரை. சர்வேயர் வரைபடத்தை மடக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, செயின்மேன் கம்பிப்பாரையால் குத்திக்கொண்டே போனார். மண்ணில் குத்தினால் 'தொப்' என்று இறங்கும், வேரில் குத்தினால் துள்ளும், கல்லில் குத்தினால் 'டங்' என்று கை வரை அதிரும். நாலைந்து இடத்தில் டங் கேட்டுத் தோண்டினால் எல்லாம் சாதாரணப் பாறை.

கையாலை மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பாட்டா ஒருவர், "அங்க இல்ல மக்கா, இங்கின வா" என்று கூட்டிக்கொண்டு போனார். மாட்டுத் தொழுவத்தின் வாசற்படி. அதில் கிடந்தது கல், தலையில் வெட்டின உளிக்குறியோடு. கன்றுக்குட்டி அதன்மேல் நின்றுகொண்டு எங்களைப் பார்த்தது. எந்த மூலையில் இருந்து யார் பிடுங்கி வந்தார்கள் என்று பாட்டாவுக்கு நினைவில்லை. நினைவில்லை என்றுதான் சொன்னார்.

உறவினர் குதித்தார், "கல் கெடச்சாச்சு, இதுலருந்து அளங்க சார்." சர்வேயர் சிரிக்கவில்லை. "நிக்குற கல்லுதான் கல்லு. கெடக்குறது பாறை" என்று சொல்லிவிட்டு, மூன்று எல்லைகள் சேரும் இடத்தில் நட்ட முச்சந்திக் கல்லைத் தேடி ரோட்டோரம் போய்விட்டார். அங்கே நகராமல் நின்ற இரண்டு கற்களுக்கு நடுவில் தூரத்தை அளந்து, வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பிறகுதான் உள்ளே வந்தார். உறவினருக்குக் கோபம். எனக்கு அவர்மேல் மதிப்பு.

நண்பர் கவனிக்க வேண்டியது இதுதான். சர்வேயர் வந்ததும் உங்கள் சுவரிலிருந்தோ, வீட்டு மூலையிலிருந்தோ, பக்கத்து விளைக்காரர் காட்டும் கல்லிலிருந்தோ டேப்பைப் போட்டால் நிறுத்துங்கள். சண்டையில் இருக்கும் கோட்டிலிருந்தே அளந்தால் சண்டைதான் விடையாக வரும். சண்டையில் இல்லாத, தூரத்தில் நகராமல் நிற்கும் கற்களிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். மரியாதையாகச் சொல்லுங்கள், அவர்களுக்கும் வெயில்.

அரசு நட்ட எல்லைக்கல்லைப் பிடுங்குவது தண்டனைக்குரிய குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 434-ம் பிரிவு, ஓராண்டு வரை சிறை. இப்போது புதிய சட்டத்தில் வேறு எண்ணில் இருக்கிறது. தொழுவத்துப் படிக்காக யாரும் உள்ளே போய் நான் பார்த்ததில்லை.

ஜூன் 7

பாறசாலைக்காரர் ஒருவர், செல்போன் ஆப்பில் நடந்து நடந்து அளந்தாராம், பக்கத்துக்காரர் இரண்டு சென்ட் தின்றுவிட்டாராம்.

செல்போன் ஜிபிஎஸ் மூன்று மீட்டர் நாலு மீட்டர் முன்பின் காட்டும், தென்னைக்கும் ரப்பருக்கும் அடியில் இன்னும் மோசம். 22 மீட்டர் பக்கமுள்ள நிலத்தில் ஒரு பக்கம் மூன்று மீட்டர் தள்ளினால் 66 சதுர மீட்டர். ஒன்றரைச் சென்ட்டுக்கு மேல். நீங்கள் தேடுவதைவிட கருவியின் தடுமாற்றம் பெரியது. ஆப்பை ரப்பர் எஸ்டேட் விலை பேச வைத்துக்கொள்ளுங்கள், பன்னிரண்டு சென்ட்டுக்கு வேண்டாம்.

ஜூன் 8

பாறசாலை என்றதும் நினைவு வந்தது. என் சித்தி வீடு அங்கேதான். களியக்காவிளை தாண்டி கேரளத்துக்குள் போனால் சட்டமே மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வளவு இல்லை. இங்கே 1923-ம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம், அங்கே 1961-ல் அதே மாதிரி ஒன்று. மண்ணும் ஒன்று, பழைய திருவிதாங்கூர் சர்வேயும் ஒன்று. மாறுவது ஆபீஸ் பழக்கம். இங்கே பட்டா, விஏஓ. அங்கே தண்டப்பேர் (நிலவரிக் கணக்கு), வில்லேஜ் ஆபீஸ், போக்குவரவு (பெயர் மாற்றம்). வருடா வருடம் கரம் (நிலவரி) தீர்த்த ரசீதை அவர்கள் பிரமாணம் மாதிரி பத்திரப்படுத்துவார்கள்.

கேரளத்தில் 2022 நவம்பரில் டிஜிட்டல் ரீசர்வே தொடங்கினார்கள், முதல் கட்டமாக 200 வில்லேஜ்கள். மாநிலத்தில் ஆங்காங்கே நிலையான ஜிபிஎஸ் நிலையங்களை வைத்து, ஆர்டிகே கருவியோடு வருகிறார்கள். சென்டிமீட்டர் கணக்கில் காட்டும் கருவி. ஆப்போடு ஒப்பிட்டு அதையும் திட்டாதீர்கள்.

ஆனால் கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது அளப்பது நீங்கள் காட்டும் கோட்டைத்தான். அளவைக்கு வரும் நாளில் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தால், பக்கத்துக்காரர் காட்டிய வேலியை அளந்துகொண்டு போவார்கள். நம் ஆட்கள் பலர் அங்கே விளை வாங்கிப் போட்டுவிட்டு கல்ஃபில் இருக்கிறார்கள். வரைவு வெளியிடும்போது ஆட்சேபம் சொல்லக் காலக்கெடு உண்டு, அதை விட்டால் பிறகு மனு மேல் மனு. சித்திக்கும் முந்தைய ரீசர்வேயில் இப்படித்தான் விஸ்தீரணம் குறைந்து, கரம் தீர்க்கப் போன இடத்தில்தான் தெரியவந்தது. அதைச் சரிப்படுத்தி முடிப்பதற்குள் அவருடைய வழக்கமான வில்லேஜ் ஆபீஸர் மாறி, அடுத்தவரும் மாறினார்.

ஜூன் 11

அளவைக்கு எப்படி மனு செய்வது என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் எஃப்-லைன் மனு என்று சொன்னால் போதும், தாலுகா ஆபீஸில் புரியும். இணையத்திலும் இ-சேவை மையத்திலும் போடலாம். கட்டணம் கட்ட வேண்டும். பட்டா, பிரமாண நகல், எஃப்எம்பி. பக்கத்து நிலக்காரர்களுக்கு நோட்டீஸ் போகும்.

அந்த நோட்டீஸைத்தான் நம்மவர்கள் போர் முரசாக எடுத்துக்கொள்கிறார்கள். மனு போடும் முன் ஒரு நடை வடக்கு வீட்டுக்குப் போய், "அண்ணே, அளக்கச் சொல்லியிருக்கேன், உங்க பக்கமும் சேர்த்துத் தெளிவாயிடும், நீங்களும் நின்னு பாருங்க" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வரும் தபாலுக்கும் சொல்லிவிட்டு வரும் தபாலுக்கும் வித்தியாசம் உண்டு.

அளந்து முடிந்ததும் காட்டிய புள்ளியில் அப்போதே கல் நடுங்கள், இரண்டு பேரும் இருக்கும்போதே. கல்லைச் சுற்றி சிமென்ட் போட்டு, வீட்டிலிருந்து கல் வரை தெரியும்படி போட்டோ எடுங்கள். "நாளைக்கு நடலாம்" என்று குச்சி வைத்துவிட்டுப் போனால் இரவில் குச்சிக்குக் கால் முளைக்கும்.

சர்வேயர் சொன்னது ஏற்கவில்லை என்றால் நில அளவைத் துணை ஆய்வாளர், அவருக்கு மேல் மாவட்டத்தில் ஏடி (உதவி இயக்குநர்). அதற்கும் மேல் என்றால் கோர்ட், அங்கே வக்கீல் கமிஷனர் சர்வேயரையும் கூட்டிக்கொண்டு வந்து அளந்து அறிக்கை கொடுப்பார். அதாவது மறுபடியும் அதே கல்லைத்தான் தேடுவார்கள்.

ஜூன் 12

முதல் நாள் கோர்ட் வேண்டாம் என்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அது நண்பரின் சுவர் நாலு வருடப் பழசு என்பதால் சொன்னது. யாராவது இன்றைக்கு உங்கள் பக்கம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிக்கொண்டிருந்தால், அளவை மனு போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே வக்கீலைப் பார்த்துத் தடை உத்தரவு கேளுங்கள். ஒரு வரிசைக் கல் எழும்பிவிட்டால் அதன் பிறகு பேச்சே வேறு. சனிக்கிழமை வேலை தொடங்கி ஞாயிறு முடிப்பவர்கள் ஏன் அந்த இரண்டு நாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?

ஜூன் 15

"12 வருடம் அனுபவித்தால் அவருக்கே சொந்தம், பேசாமல் விடுங்கள்" என்று செங்கோட்டைக்காரர் ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். (செங்கோட்டையும் 1956-ல் நம்மோடு சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்ததுதான், உறவு விட்டுப்போகவில்லை.)

பாதி உண்மை. 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தில் 12 வருடக் கணக்கு இருக்கிறது, அரசு நிலமானால் 30. ஆனால் வெறுமனே 12 வருடம் இருந்தால் போதாது. வெளிப்படையாக, இடைவிடாமல், "இது உன்னுடையதல்ல, என்னுடையது" என்ற பாவனையில் இருந்திருக்க வேண்டும். நீங்கள் அனுமதித்து இருந்தால் அந்தக் கணக்கே ஓடாது. அதை நிரூபிக்க வேண்டியதும் அவர்தான். 2019-ல் உச்ச நீதிமன்றம், அப்படி அனுபவத்தில் இருப்பவர் தானே வாதியாகவும் வழக்குப் போடலாம் என்று சொன்னது. அதனால் நாலு வருடம் ஆனதே என்று நண்பர் பதற வேண்டாம், எட்டு வருடம் இருக்கிறதே என்று தூங்கவும் வேண்டாம்.

பழைய கையாலை விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டு மனம். ஐம்பது வருடமாக இரண்டு வீடும் ஏற்று, மழைக்கு இடிந்தபோதெல்லாம் சேர்ந்து கட்டிய கையாலையை, இன்றைக்கு எஃப்எம்பியில் ஒன்றரை அடி தள்ளி இருக்கிறது என்று இடிக்கப் போவது நியாயமா? சட்டம் ஒரு பதில் சொல்லும். என் அப்பாவிடம் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பார். அவர் சொல்லியிருக்கக்கூடியதுதான் சரி என்று சில நாள் தோன்றும். சென்ட் விலையைக் கேட்ட நாளில் தோன்றாது.

ஜூன் 18

கையாலை யாருடையது என்று கேட்டால்: மேட்டு விளையும் பள்ளத்து விளையும் ஒட்டிய இடத்தில் மண்ணைத் தாங்கி நிற்பது மேட்டுக்காரர் கட்டியதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அது நேராக நிற்காது, மேலே உள்வாங்கிச் சாய்ந்திருக்கும். கால் ஒரு இடம், தலை ஒரு இடம். ஒன்றரை அடி வித்தியாசம் சாதாரணம். 72 அடி நீளத்துக்கு ஒன்றரை அடி என்றால் கால் சென்ட். தனியார் சர்வேயர் டோட்டல் ஸ்டேஷனின் பிரிசத்தை அடியில் வைத்தாரா, தலையில் வைத்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் 18, இரவு

அயனி மரம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. கிளை உங்கள் பக்கம் வந்தால் உங்கள் எல்லை வரை வெட்டலாம், சொல்லிவிட்டு வெட்டுங்கள். அடிமரம் எல்லைக் கோட்டிலேயே நின்றால் இருவருக்கும் பொது, ஒருவர் மட்டும் விற்க முடியாது. வீட்டின் மேல் சாயும் ஆபத்து என்றால் ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியரிடம்) மனு. அயனித் தடிக்கு இன்றைய விலையைப் பார்த்தால் கோடு மரத்தின் எந்தப் பக்கம் போகிறது என்று திடீரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

ஜூன் 26

நண்பரின் அளவை முடிந்தது. அவர் அனுப்பியதைச் சுருக்கித் தருகிறேன்.

மூன்று மூலையில் கல் நின்றது. வடகிழக்கில் இல்லை. சர்வேயர் மற்ற கற்களிலிருந்து பிடித்து வந்து காட்டிய புள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம் ஓரடி தள்ளி. அந்த இடத்தில் தோண்டினால் சுவருக்குப் போட்ட அடித்தளத்துக்கு ஓரமாகக் கல் சாய்ந்து கிடந்தது. மேற்கு முனையில் சுவர் சரியாகக் கோட்டில் நிற்கிறது, கிழக்கே போகப் போக உள்ளே வந்திருக்கிறது. மேஸ்திரி நூல் பிடித்தபோது சாய்ந்தது என்கிறார் வடக்கு அண்ணன். இருக்கலாம். முனையில் ஓரடி உள்ளே வந்த நீள முக்கோணம், ஏறக்குறைய 35 சதுர அடி. ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது.

ஆக, எடுத்திருக்கிறார். தேடிப் போன 327 சதுர அடியில் 35. நண்பர் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் நிற்கிறார். சுவரை இடித்துக் கட்டச் சொல்லலாமா என்கிறார்.

கேட்கலாம், உரிமை இருக்கிறது. ஆனால் 35 சதுர அடிக்காக 72 அடிச் சுவர். வடக்கு அண்ணன் "தப்புதான் தம்பி, என்ன செய்யணும் சொல்லு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தை கிடைத்த பிறகு கோர்ட்டுக்குப் போனால் பத்து வருடம் கழித்தும் அதே வார்த்தைதான் கிடைக்கும்.

ஜூன் 27

வாய்ப்பேச்சாக விடாதீர்கள் என்று நேற்றே எழுதியிருக்க வேண்டும், மின்சாரம் போய்விட்டது. இரண்டு வழி.

ஒன்று, அந்தத் துண்டை அவருக்கே கொடுத்து விலை வாங்குவது, அல்லது வேறு மூலையில் அதற்கு ஈடாக இடம் வாங்கிப் பரிவர்த்தனை பத்திரம் போடுவது. இரண்டுமே பதிவு செய்ய வேண்டும், உட்பிரிவு செய்ய வேண்டும். 35 சதுர அடிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

இரண்டு, சுவர் இப்போதைக்கு நிற்கட்டும் என்று விடுவது. அப்படியானால் அவரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: சுவரின் கிழக்கு முனை இத்தனை அடி உங்கள் நிலத்தில் இருக்கிறது, உங்கள் அனுமதியில் இருக்கிறது, எதிர்காலத்தில் இடித்துக் கட்டும்போது கல்லுக்கு நேராகக் கட்டப்படும். தேதி, சர்வேயர் வரைபட நகல், இரண்டு சாட்சி. அனுமதி என்று எழுத்தில் இருந்தால் அந்த 12 வருடக் கணக்கு உங்களுக்கு எதிராக ஓடாது. அவர் விற்றால் வாங்குபவரிடமும் காட்டலாம், உங்கள் பிள்ளைகளும் அவர் பிள்ளைகளும் மறுபடி முதலிலிருந்து தொடங்க மாட்டார்கள்.

வடகிழக்குக் கல்லை அடித்தளத்துக்கு ஓரமாகவே நிமிர்த்தி நட்டு சிமென்ட் போடுங்கள். போட்டோவையும் கடிதத்தோடு வையுங்கள். பிரமாணத்தில் இருக்கும் 12-ஐ நீங்கள் விற்கும்போது அப்படியே எழுதாமல் அளந்ததை எழுதச் சொல்லுங்கள், எழுத்தர் முறைத்தாலும் பரவாயில்லை.

தெற்குப் பக்கத்துப் பிலாவைப் பற்றி நண்பர் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார். காய்த்த பிறகு பேசுவோம்.